பத்தரை மணித்தியால வித்தியாசம்

கனடாவுக்கோ லண்டனுக்கோ முதன்முறையாகப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். எத்தனை கிலோ கொண்டுபோகலாம், கருவாட்டைப் பிடிப்பார்களா, குளிர் தாங்குமா. எத்தனை மணிக்குப் போய் இறங்குவது நல்லது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பயணச்சீட்டு விற்பவரும் அதைச் சொல்வதில்லை. அவர் விலையைச் சொல்வார். நாமும் விலையைத்தான் கேட்போம்.

2011 பெப்ரவரியில் நானும் விலையை மட்டுமே கேட்டேன்.

என் மூத்த தமையனாரை நாங்கள் அண்ணை என்றே அழைப்போம். ஊரை விட்டுப் போய் ஏறத்தாழ முப்பது வருடமாக ரொறன்ரோவில் இருந்தவர். அவ்வருடம் தைப்பொங்கலுக்குப் பின் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். "சித்தப்பா, அப்பாவோடை கதைக்கிறதெண்டால் இப்பவே வாங்கோ" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கடன் வாங்கி, விசாவுக்கு ஓடித் திரிந்து, கிடைத்ததிலேயே மலிவான சீட்டை வாங்கிக்கொண்டு ஆறு நாள் தங்குவதாகப் புறப்பட்டேன்.

அந்தப் பயணத்தின் கால அட்டவணையைப் பின்னர் எத்தனையோ தடவை தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். மாலை ஆறரைக்குக் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பாடு. வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலக் காத்திருப்பு. அங்கே அதிகாலை மூன்றரைக்கு அடுத்த விமானம். பதினான்கு மணித்தியாலம் பறந்து காலை எட்டரைக்கு ரொறன்ரோவில் இறங்கினேன். கொழும்பில் அப்போது இரவு ஏழு மணி. குளிர்காலத்தில் இரண்டு இடத்துக்கும் இடையில் பத்தரை மணித்தியாலம். கோடையில் அங்கே மணிக்கூட்டை முன்னே தள்ளுவதால் அது ஒன்பதரையாகக் குறையும்.

காத்திருந்த நேரம் முழுவதும் விழித்திருந்தேன். விமானத்தில் ஏறிய உடனேயே தூங்கிப்போனேன். கொழும்புக் கணக்கில் அப்போது காலை ஐந்து மணி. மதியம் வரை நல்ல நித்திரை. பிறகு ஏழு மணித்தியாலம் படம் பார்த்தேன், சாப்பிட்டேன், பணிப்பெண் தள்ளிவந்த வண்டியிலிருந்து இலவசமாகக் கிடைத்ததைக் குடித்தேன். பத்திரிகைக்காரனுக்கு இலவசம் என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பது தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். இறங்கும்போது மிகத் தெளிவாக இருந்தேன். பெறாமகள் வீட்டில் சற்றுப் படுத்து எழும்பும்படி சொன்னாள். முப்பது வருடம் இரவுப்பணி பார்த்தவனுக்கு நித்திரையைப் பற்றிப் பாடம் எடுக்காதே என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அந்தப் பெருமைக்கு ஓரளவு காரணம் இருந்தது. கொழும்பில் நாளேடொன்றின் ஆசிரியபீடத்தில் என் வேலை மாலையில் தொடங்கி, முதற்பக்கம் அச்சுக்குப் போகும்வரை நீளும். பல நாள் அது இரண்டு மணி, கலவர காலங்களில் விடியும்வரை. விழித்திருப்பது என் தொழிலின் ஒரு பகுதி என்றே நம்பியிருந்தேன். ஆனால் இரவுப்பணியில் என்னை விழிக்கவைத்தது என் திறமையல்ல. தலைக்கு மேலே எரிந்த குழல்விளக்குகள், தொலைபேசி, அச்சுக்கூடத்திலிருந்து மேலேறி வந்து கத்தும் மேற்பார்வையாளர், சீனி கூடப் போட்ட கோப்பி, பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம் ஆகியவையே. வைத்தியசாலை அறையில் இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணைக்குக் காலையில் மருந்து ஏற்றுவார்கள், மயக்கமாகவே கிடப்பார். மூன்று மணிக்குப் பிறகுதான் தெளிவு வரும், ஐந்து மணிக்கு மறுபடி களைத்துவிடுவார். இரண்டு மணித்தியாலம்தான் அவருடைய நாள். அதற்காகத்தான் கடன்பட்டுப் போயிருந்தேன். மூன்று மணிக்கு உள்ளே போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழித்த முகம். எனக்காக வழித்திருக்கிறார் என்பது புரிந்தது. ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி, கோயில் தேர்முட்டியைப் பற்றி எல்லாம் கேட்டார். யன்னல் திரை பாதி மூடியிருந்தது. அறை கதகதப்பாக இருந்தது. அப்போது அவர், "தம்பி, அப்பான்ரை அந்தக் கடிதம் இருக்கெல்லே, அதைப் பற்றி உனக்கு ஒண்டு சொல்லோணும்" என்று ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது மணி ஆறு தாண்டியிருந்தது. யன்னலுக்கு வெளியே இருட்டு. என்மேல் வைத்தியசாலைப் போர்வை ஒன்று கிடந்தது. அண்ணை உறங்கிக்கொண்டிருந்தார். பெறாமகள் என்னை எழுப்பப் பார்த்தாளாம். "எழுப்பாதை பிள்ளை, எவ்வளவு தூரத்திலையிருந்து வந்தவன்" என்று அவர் தடுத்துவிட்டாராம்.

அடுத்த நாள் முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. அந்த ஆறு நாளும் அவர் பேசவில்லை. நான் கொழும்புக்குத் திரும்பிய பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது.

ஒரு செய்தி தவறிப்போனால் ஏன் தவறியது என்று தேடிப் பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம். இதையும் அப்படித்தான் தேடினேன். கிடைத்த விடைகள் எனக்குக் காலந்தாழ்ந்தவை. மற்றவர்களுக்கு உதவக்கூடும்.

தமிழில் இதைப் பயணக் களைப்பு என்று எழுதுகிறோம். நானே பல தடவை அப்படி மொழிபெயர்த்திருக்கிறேன். அது பிழை. லண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பறக்க ஏறக்குறையப் பதினொரு மணித்தியாலம் ஆகும். இறங்குபவர் களைத்திருப்பார், ஆனால் ஓர் இரவு படுத்தால் சரி. ஏனென்றால் அது வடக்கிலிருந்து தெற்கே போகும் பயணம், நேர வித்தியாசம் ஒன்றோ இரண்டோ மணித்தியாலம்தான். அதே அளவு நேரம் கிழக்கிலோ மேற்கிலோ பறந்தவருக்கு ஒரு வாரம் போனாலும் சரிவராது. தூரம் வேறு, இது வேறு.

நம் உடலுக்குள்ளே ஒரு மணிக்கூடு ஓடுகிறது என்பது உவமையல்ல, உடற்கூறு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்ணிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்த சிறிய திரள் ஒன்று இருக்கிறது. உடலின் வெப்பநிலை, பசி, சுரப்புகள், உறக்கம் எல்லாவற்றுக்கும் அதுவே தாளம் போடுகிறது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் அது நிற்பதில்லை. 1729இல் பிரான்சைச் சேர்ந்த டி மேரான் என்ற வானியலாளர் தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்றை இருட்டான இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது காலையில் இலையை விரித்து மாலையில் மூடிக்கொண்டது. நம் ஊர் ஒழுங்கையோரத்தில் நாம் காலால் தட்டி விளையாடிய செடியைப் போன்ற ஒன்று, அந்தப் பெரிய கேள்வியை முதலில் எழுப்பியது. கலத்துக்குள் அந்த மணிக்கூட்டை ஓட்டும் மரபணுக்களின் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மணிக்கூடு பெரும்பாலானோரில் இருபத்துநான்கு மணித்தியாலத்தைவிடச் சில நிமிடம் நீளமானது. ஆகவே அது தானாகவே பிந்திப்போகப் பார்க்கும். ஒவ்வொரு நாளும் பகல் வெளிச்சம்தான் அதைப் பிடித்துத் திருத்திவிடுகிறது. மேற்கே பறக்கும்போது நாள் நீளுகிறது, அது உடலின் இயல்புக்கு இசைந்தது. கிழக்கே பறக்கும்போது நாள் சுருங்குகிறது, உடல் முரண்டு பிடிக்கும். மேற்குப் பயணத்தில் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமும், கிழக்கில் ஒரு மணித்தியாலமும் சரிப்படும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கனடாவிலிருந்து வருபவர்கள் யாழ்ப்பாணத்தில் முதல் வாரம் முழுவதும் நள்ளிரவில் முற்றத்தில் உலாவுவதன் காரணம் இதுதான். வீட்டு நாய்கள் அதற்குப் பழகிவிடுகின்றன, அயலவர்கள் பழகுவதில்லை.

எங்கள் முந்திய தலைமுறைக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. கொழும்பில் கப்பலேறியவர் லண்டனைச் சேர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தைக் கப்பலின் மணிக்கூடு ஓர் இரவு கொஞ்சம், இன்னோர் இரவு கொஞ்சம் என்று பின்னே தள்ளிக்கொண்டே போகும். உடலுக்குத் தெரியாமலே கணக்குத் தீர்ந்துவிடும்.

மணிக்கூட்டை மாற்றுவதென்றால் அரசாங்கத்துக்கு ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். 1996 மே மாதத்தில் வரட்சியால் மின்சாரம் தட்டுப்பட்டபோது இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் வன்னிக்குச் செய்தி சேகரிக்கப் போனவர்கள், ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்புவோம். திரும்பி வரும்போது முன்னே திருப்புவோம். ஒரே வீதி, ஒரே வெயில், இரண்டு நேரம். ஒருமுறை நண்பர் ஒருவர் திருப்ப மறந்து, நேர்காணலுக்கு அரை மணித்தியாலம் முந்திப்போய் வாசலில் நின்றார். அந்த அரை மணித்தியாலத்தை உடல் கவனிக்கவே இல்லை. ஐந்தாறு மணித்தியாலமானால் அது கவனிக்கும், மன்னிக்காது.

சரி, என்ன செய்வது? நான் படித்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரே ஒரு விடயம். வழமையாக நாம் விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பாக உடலின் வெப்பநிலை மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். ஏழு மணிக்கு எழும்புபவருக்கு அது அதிகாலை நாலரை என்று வைத்துக்கொள்ளலாம். இரவுப்பணியாளர் எவரையும் கேளுங்கள், தலை மேசையில் முட்டுகிற நேரம் அதுதான். அந்தத் தாழ்புள்ளிக்கு முன்னர் கண்ணில் படும் வெளிச்சம் உடலின் மணிக்கூட்டைப் பிந்தவைக்கும். அதற்குப் பின்னர் படும் வெளிச்சம் முந்தவைக்கும். மேற்கே போகிறவர் பிந்தவைக்க வேண்டும், கிழக்கே போகிறவர் முந்தவைக்க வேண்டும். மற்ற எல்லா ஆலோசனையும் இதற்குள் அடங்கும்.

இப்போது 2011இன் கணக்கைப் பாருங்கள். கொழும்பின் நாலரை மணி, ரொறன்ரோவில் முந்திய மாலை ஆறு மணி. அண்ணை விழித்திருந்த மூன்று முதல் ஐந்து மணி, என் உடலுக்கு இரவு ஒன்றரை முதல் மூன்றரை வரை. நான் உட்கார்ந்தது என் நாளின் கடைசி விளிம்பில். அதுவும் பதின்மூன்று மணித்தியாலம் விழித்திருந்தபின், திரை மூடிய வெப்பமான அறையில். விமானத்தில் முதல் பாதியை விழித்துக் கழித்து, கடைசி ஆறு மணித்தியாலம் உறங்கியிருந்தால் அது ரொறன்ரோவின் இரவோடு பொருந்தியிருக்கும். பெறாமகள் சொன்னபடி இறங்கியதும் ஒன்றரை மணித்தியாலம் படுத்திருந்தாலும் போதும். மதியத்தில் அரை மணித்தியாலம் வெளியே வெளிச்சத்தில் நடந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். இவற்றில் ஒன்றுக்கும் ஒரு சதம் செலவில்லை.

குறுகிய பயணத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டு மூன்று நாளில் திரும்புவதென்றால் உடலை மாற்ற முயலவே வேண்டாம். ஊர் நேரத்திலேயே வாழ்ந்து, முக்கியமான சந்திப்புகளை உடல் விழித்திருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்வதே புத்தி. மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது சரிவரும். நோயாளியைப் பார்க்கப் போகிறவருக்கு நேரத்தைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லை.

2024இல் மறுபடி ரொறன்ரோவுக்குப் போக நேர்ந்தது. இம்முறை அக்காவைப் பார்க்க. எண்பத்தொரு வயது, ஸ்காபரோவில் மகளோடு இருக்கிறார். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மறதி தொடங்கிவிட்டது என்று மருமகள் சொன்னாள். "காலமை யாரெண்டு கேக்கிறா மாமா. பின்னேரத்திலைதான் நல்லாக் கதைப்பா." பின்னேரம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். ஒன்று, ஒரே மூச்சில் போவதில்லை. கொழும்பிலிருந்து மதியம் புறப்படும் நேரடி விமானத்தில் லண்டன், அங்கே அக்காவின் மகன் வீட்டில் மூன்று இரவு, பிறகு ரொறன்ரோ. செப்ரெம்பரில் கொழும்புக்கும் லண்டனுக்கும் நாலரை மணித்தியாலம், லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஐந்து. ஒன்பதரையைக் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிளக்க லண்டனைவிட நல்ல கத்தி இல்லை. இரண்டு, எந்த இடத்திலும் மாலையில் போய் இறங்குவது. மேற்கே போகிறவர் மாலையில் இறங்கினால் செய்யவேண்டியது ஒன்றுதான்: மூன்று நான்கு மணித்தியாலம் விழித்திருந்துவிட்டு ஊரோடு சேர்ந்து படுப்பது. காலையில் இறங்குபவர் ஒரு முழுப் பகலோடு மல்லுக்கட்ட வேண்டும். என் சீட்டு மலிவான சீட்டைவிட விலை கூடியதுதான். மலிவான சீட்டின் விலை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

புறப்படுவதற்கு ஆறு நாள் முன்பிருந்தே நாளுக்கு அரை மணித்தியாலம் வீதம் படுக்கையைப் பிந்தப்போட்டேன். பத்து மணிக்குப் படுத்தவன் கடைசியில் ஒரு மணிக்குப் படுத்தேன். இரவில் விளக்கையெல்லாம் போட்டுவிட்டுப் பழைய நறுக்குகளை ஒழுங்குபடுத்தினேன். காலையில் யன்னலுக்குக் கறுப்புத் துணி. கொழும்புக் காகங்களுக்கு மட்டும் ஒரு மருந்தும் கிடைக்கவில்லை. "திரும்பவும் பேப்பரிலை வேலை தந்திட்டாங்களோ?" என்று மனைவி கேட்டார். 1931இல் ஒற்றை எஞ்சின் விமானத்தில் எட்டரை நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் உலகைச் சுற்றிய வைலி போஸ்ட், அதற்காக முன்கூட்டியே நித்திரை நேரத்தை மாற்றி மாற்றிப் பழகியவர் என்று அவருக்கு விளக்கினேன். அந்த மனிதருக்கு வீட்டில் யார் சமைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

விமானத்துக்குள் நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறையின் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி வரை உயரமான மலையில் இருப்பதைப் போன்றது. நுவரெலியாவில் நின்று மூச்சு விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நுவரெலியாவின் ஈரம் அங்கே இல்லை. காற்று பாலைவனம்போல் வரண்டது. தண்ணீர் குடிக்க வேண்டும். மது தூக்கத்தைக் கொண்டுவருவதுபோல் காட்டி இடையிலேயே முறித்துவிடும். நித்திரைக் குளிசை போட்டுக் காலை அசைக்காமல் மரக்கட்டைபோல் கிடப்பது, காலில் இரத்தம் உறைவதற்கு வழிவிடும். மெலற்றோனின் என்பது நித்திரைக் குளிசை அல்ல. இருட்டியதும் மூளையின் கூம்புச் சுரப்பி சுரக்கும் பொருள் அது, இரவு வந்துவிட்டதென்று உடலுக்கு அறிவிப்பது. போகும் ஊரின் படுக்கை நேரத்தில் சிறிய அளவில் எடுத்தால் பலருக்கு உதவுகிறது, பிழையான நேரத்தில் எடுத்தால் மணிக்கூடு பிழையான பக்கம் போகும். கனடாவில் கடையில் வாங்கலாம், பிரித்தானியாவில் வைத்தியரின் சீட்டு வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. நம்மவர்களில் பலருக்கு நீரிழிவு. இன்சுலின் போடுகிறவர்கள் எந்த ஊர் நேரப்படி போடுவதென்று புறப்படுமுன்பே வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகாயத்தில் அதைத் தீர்மானிக்க முடியாது.

லண்டனில் இறங்கியது இரவு ஏழரைக்கு. பத்து மணிக்குப் படுத்தேன். கொழும்பில் இரண்டரை மணி, என் பழைய இரவுப்பணி முடிந்து வீட்டுக்கு வந்து படுக்கும் நேரம். நாற்பது வருடப் பழக்கம் ஒருவழியாகப் பயன்பட்டது. மூன்றாம் நாள் நான் லண்டன்காரனாகியிருந்தேன். அங்கிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்துக்கு ரொறன்ரோ. வெயில் சாயும்வரை மருமகளின் வீட்டைச் சுற்றி நடந்தேன். அக்கா வாசலில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இவன் காணாமல் போன மாட்டைத் தேடுறவன் மாதிரி சுத்துறான்?" என்று மருமகளிடம் கேட்டாராம்.

முதலிரண்டு நாளும் விடிய நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. எதிர்பார்த்ததுதான். அந்நேரம் பிரகாசமான விளக்கைப் போட்டால் மணிக்கூடு எதிர்ப்பக்கம் ஓடும். ஆகவே குசினியில் இருட்டுக்குள் உட்கார்ந்து ஆறின பிட்டையும் முதல்நாள் கறியையும் தின்றேன். பசிக்கு வேறு மணிக்கூடு. ஈரலும் குடலும் தத்தம் கணக்கை வைத்திருக்கின்றன, மூளை சொன்னவுடன் கேட்பதில்லை.

ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு என் உடலில் லண்டனின் இரவு எட்டு மணி. தலை தெளிவாக இருந்தது. அக்காவுக்கும் தலை தெளிவாக இருந்தது. நான்கு பின்னேரங்கள் அவர் பேசினார், நான் கொப்பியில் எழுதினேன். முதல் நாள் கேட்கவில்லை. இரண்டாம் நாள்தான், அண்ணை சொல்லத் தொடங்கிய அப்பாவின் கடிதம் என்ன கடிதம் என்று கேட்டேன்.

"கடிதமோ? அப்பா அண்ணைக்கு எழுதினதெல்லாம் கிணத்துப் பங்கும் வேலிச் சண்டையும்தான்" என்று சிரித்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒண்டு மட்டும் வேறை மாதிரி. எனக்குக் காட்டினவர்."

1984இல் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். அண்ணை வரவில்லை. மூத்த மகன் கொள்ளி வைக்க வரவில்லை. நான் வைத்தேன். அதற்குப் பிறகு அண்ணைக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பேனா கையில் இருக்கும் தொழிலில் உள்ளவன், எப்படி எழுதினால் வலிக்கும் என்று தெரிந்தவன். அவர் பதில் எழுதவில்லை. பல வருடம் கழித்துப் பேசத் தொடங்கினோம். அந்த விடயத்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை.

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் அப்பா அண்ணைக்கு எழுதினாராம். கொம்மாவுக்கு என்ன நடந்தாலும் நீ வராதே, இங்கே ஆட்களைப் பிடிக்கிறார்கள், உன்னையும் இழக்க என்னால் முடியாது, நான் மறித்ததாகத் தம்பிமாருக்குச் சொல்லாதே, அவர்கள் என்னோடு கோபிப்பார்கள் என்று. அண்ணை சொல்லவில்லை. அப்பா இறந்த பிறகும் சொல்லவில்லை.

"அதைத்தான் சொல்ல வந்தவரோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "நீ நித்திரையாப் போன அண்டைக்குப் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தவர். இவன் என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை சின்னப் பிள்ளை மாதிரி நித்திரை கொள்ளுறான், பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்னவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை."

இன்னும் ஏதோ கேட்க நினைத்தேன். மணி ஐந்தாகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீ எப்ப வந்தனி?" என்று கேட்டார்.

திரும்பும் வழி கிழக்கு, ஆகவே கடினம். இரவு ரொறன்ரோவில் ஏறி, காலை ஒன்பதுக்கு லண்டனில் இறங்கினேன். காலை வெயில் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ரொறன்ரோவின் நாலரை மணி லண்டனில் ஒன்பதரை, அதற்கு முன்னர் படும் வெளிச்சம் என்னை மறுபடி கனடாப் பக்கமே தள்ளும். கணக்கில் கொஞ்சம் இடம் விட்டு, பத்தரை மணி வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். வெளியே லண்டனின் வழமையான மழைமூட்டம். அழைத்துப்போக வந்த மருமகன் சற்று நேரம் தயங்கி, "மாமா, கண் ஒப்பரேசன் செய்தனீங்களே, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்றான். இரண்டு இரவு அங்கே தங்கிவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். நான்காம் நாளிலிருந்து ஒழுங்கான நித்திரை.

அதை ஒழுங்கான நித்திரை என்று சொல்வதில் ஒரு திருத்தம் உண்டு. வந்து பத்தாம் நாள் இரவு தொலைபேசி அடித்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றரை மணி. இந்த வயதில் அந்நேரத்து அழைப்பு எதற்காக வருமென்று எவருக்கும் தெரியும். கை நடுங்க எடுத்தேன்.

"தம்பி, நான்தான். இப்ப நாலு மணி, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறன். நீ கேட்ட கிணத்துக் கதை ஞாபகம் வந்திட்டுது. எழுதுறியோ?"

கொப்பி மேசையிலேயே இருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.